ஏழாவது பேட்டி

மழை பிடித்துக்கொண்டால் ஆணிக்கடைக்கு ஆள் வராது. ஒழுகுகிற கூரைக்காரன் மட்டும் நனைந்துகொண்டே ஓடிவந்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு ஓடுவான். அப்படிப் பேசாமல் வாங்குகிறவனிடம் விற்பதில் ஒரு சுகமும் இல்லை என்பது ஆணிக்காரம்மாவின் கட்சி. நாலு வார்த்தை குறைச்சுப் பேசி, ரெண்டடி போய், திரும்பி வந்து வாங்கினால்தான் அவளுக்கு விற்ற மாதிரி இருக்கும்.

அப்பா வைத்துவிட்டுப் போன கடை. ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள், பூட்டு, பைப்பு, பைப்புக்கு மாட்டுகிற முழங்கை, உப்புத்தாள் என்று தரையிலிருந்து கூரைவரை இரும்பும் இரும்பைத் தேய்க்கிற சாமானுமாக அடைந்து கிடக்கும். உள்ளே அவள் ஒருத்தி நிற்க இடமுண்டு. அவளுடைய வீட்டுக்காரர் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற வாத்தியார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். பிள்ளைகுட்டி இல்லை. அவர் கடைக்கு வந்தால் நிற்க இடமில்லாமல், சாமான் வாங்க வந்தவர் மாதிரி வெளியே நின்றுதான் பேசுவார். பெரிய வியாபாரியின் மகளைக் கட்டியவர் என்பதால் தெரு முழுக்க அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. மாப்பிள்ளை தலை தெரிந்தால் கடைக்குக் கடை நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

அன்று காலை அவர் மூன்று பெரிய தாள்கட்டுகளைக் கொண்டுவந்து கடைப்பலகைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினோரு வருடமாக அவர் எழுதிக்கொண்டிருந்த ஆய்வேடு. 'சில்லறைச் சந்தையில் பேரம்: பேச்சும் உத்தியும்.' டாக்டர் பட்டத்துக்கு.

"பைண்டிங்குக்குப் போகுது. மூணு பிரதியிலயும் பக்கம் விட்டுப்போகாம வரிசையா இருக்கான்னு மட்டும் பாத்துடு. உன் கை எண்ணினா தப்பாது."

அது முகஸ்துதி இல்லை. நூறு உப்புத்தாளைக் கட்டைவிரலால் ஒரு விசிறு விசிறி, தொண்ணூற்றெட்டுதான் இருக்கிறது, ரெண்டை எடுத்தது யாரென்று கேட்கிற கை அவளுடையது. மொத்த வியாபாரிகளே அவளிடம் எண்ணிக்கையில் விளையாடுவதை விட்டுப் பல வருடமாகிறது.

மத்தியானம் மழை கூடிற்று. அவள் கட்டைப் பிரித்து எண்ண ஆரம்பித்தாள். எண்ணுகிறவள் படிப்பதில்லை. அவர் எழுதியதை அவள் ஒருநாளும் படித்ததில்லை. அந்தத் தமிழ் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, யாரோ பெரிய மனுஷர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நிற்கும். இருநூற்று நாற்பதாம் பக்கத்துக்கு மேல் எழுத்து பொடியாயிற்று. பின்னிணைப்பு. 'கடைத்தெரு வணிகர் பன்னிருவருடன் நேர்காணல்.' தன்னுடைய தெரு என்றதும் கட்டைவிரல் நின்றது.

பேட்டி மூன்று, கயிறு வணிகர். 'அடக்க விலையின் மேல் இருபது சதவீதம் வைத்து விற்கிறோம். வாடிக்கையாளர் கேட்டால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். உண்மையே எங்கள் மூலதனம்.'

ஆணிக்காரம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். எதிர்க்கடைக் கயிற்றுக்காரர், ஆள் இல்லாத கடையில் அவள் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ரெண்டு டீயோடு வந்து சேர்ந்தார்.

"என்ன தங்கச்சி, மழைக்குக் கழண்டுபோச்சா?"

"இந்தக் கூத்தைக் கேளுங்கண்ணே. ஒரு கயித்து வியாபாரி சொல்றாராம்." படித்துக் காட்டினாள்.

"யாரு அந்தப் பைத்தியக்காரன்? நம்ம ஊர்க்காரனா? இப்படிப் பேசினா ரெண்டே மாசத்துல கடையைச் சாத்திட்டுக் காசிக்குப் போக வேண்டியதுதான்."

"ஏன், நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"நானா? எங்கம்மா மேல சத்தியமா அடக்க விலைக்கே தர்றேன்னு சொல்லித்தானே இத்தனை வருஷமா விக்கிறேன்."

"அம்மா செத்து இருபது வருஷமாச்சே."

"அதனாலதானே தைரியமா சத்தியம் பண்றேன்." டீயை ஊதிக் குடித்தார்.

அவள் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்: "எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட எப்பவாச்சும் பேட்டி எடுத்தாராண்ணே?"

"மாப்பிள்ளையா? வந்தாரே. நாற்காலி போட்டேன். டீ சொன்னேன். நோட்டைத் தொறந்தாரு. கடையில கூட்டம் நிக்குது, பெரியவங்க வந்திருக்காங்க, சத்தம் போடாதீங்கடான்னு எல்லாரையும் அதட்டினேன். மழை வருமான்னு கேட்டாரு. வரும்னேன். நோட்டை மூடிட்டுப் போயிட்டாரு."

"எப்போ?"

"நம்ம கடைக்கு ஷட்டர் மாத்தினோமே, அந்த வருஷம். ஒரு அஞ்சாறு வருஷம் இருக்கும். பாத்திரக்கடையிலயும் அப்படித்தான் போய் உக்காந்துட்டு வந்தாருன்னான். ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

அவர் போனபின் அவள் எண்ணவில்லை. படித்தாள். பாத்திரக்காரர் தன் சரக்கில் பழுது இருந்தால் முதலில் தானே எடுத்துச் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருந்தார். பெயிண்டுக்காரர் தன் லாபத்தைக் காரணத்தோடு விளக்கியிருந்தார். ஒருவரும் கேள்விக்குக் கேள்வி போடவில்லை. ஒருவரும் இருமவில்லை, நடுவில் எழுந்து கஸ்டமரைப் பார்க்கப் போகவில்லை, பக்கத்துக் கடைக்காரனைத் திட்டவில்லை.

பிறகு ஏழாவது வந்தது. 'இரும்புச் சாமான் வணிகர், பெண். தந்தையின் கடையை நடத்துகிறார். கணவர் ஆசிரியர்.'

 கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தாள். பொறுமையும் நேர்மையும் வணிகத்தின் இரு கண்கள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். நல்லவள்தான், பாவம். கடைசிக் கேள்வி: இத்தொழிலில் தங்களுக்குக் குறை ஏதும் உண்டா? பதில்: 'நாள் முழுவதும் நூறு பேரிடம் பேசுகிறேன். எல்லாம் சாமானைப் பற்றிய பேச்சு. கடை அடைத்த பிறகு, என்னைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை.'

ஒருவன் வந்து கொக்கி இருக்கிறதா என்றான். இல்லை என்று சொல்லி அனுப்பினாள். அவள் தலைக்கு மேலேயே நாலு சைஸில் கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருந்தது.

வீட்டுக்கு அவர் ஆறரைக்கு வந்தார். குடையை மூலையில் சாய்த்து, அது ஒழுகுவதற்குப் பழைய தட்டு ஒன்றைக் கீழே வைத்து, சட்டையை ஆணியில் மாட்டினார். பத்தொன்பது வருடமாக அதே வரிசை. அவள் சோறும் பொரித்த முட்டையும் வைத்தாள்.

"பக்கமெல்லாம் சரியா இருந்ததா?"

"பக்கம் சரியா இருக்கு."

இந்தப் பதிலில் 'பக்கம்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திவிட்டாள். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"பன்னெண்டு வியாபாரி. பன்னெண்டு பேரும் உண்மையே பேசுறாங்க. எந்தத் தெருவுலங்க இருக்கு அந்தக் கடையெல்லாம்? சொன்னீங்கன்னா நானும் போய் மொத்தமா சரக்கு எடுத்துட்டு வருவேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். எழுந்து கை கழுவினார். உட்கார்ந்து, மறுபடி எழுந்து இன்னொருமுறை கழுவினார்.

"யாரும் கண்டுபிடிக்கல," என்றார். ஒப்புக்கொள்வதை அவர் அப்படித்தான் தொடங்கினார். "கைடு படிச்சாரு. தரவெல்லாம் ரொம்பச் சுத்தமா இருக்குன்னு பாராட்டினாரு."

"சுத்தமா இருந்தா அது கடைத்தெரு இல்லீங்க, ஆஸ்பத்திரி."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. 

"உனக்குப் புரியாது," என்றார். "உங்க தெருவுல நான் போனா நாற்காலி போடுவாங்க. நான் இருக்கிறவரைக்கும் ஒருத்தனும் விலை பேச மாட்டான். கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி நிப்பான். பேரத்தைப் பத்தி எழுதுறவன் பதினோரு வருஷத்துல ஒரு பேரத்தை முழுசாக் கேட்டதில்ல. எத்தனை தடவை போனேன் தெரியுமா? டீயைக் குடிச்சிட்டு மழை வருமான்னு கேட்டுட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இந்தச் செயற்கை அறிவு வந்துச்சு. அதுகிட்ட, நீ ஒரு கயித்து வியாபாரி, நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுன்னேன். சொல்லுச்சு. மாப்பிள்ளைன்னு கூப்பிடல. டீ வாங்கித் தரல. நான் எத்தனை கேள்வி கேட்டாலும் கடைக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போகல. முதல்ல சும்மா ஒத்திகைக்குத்தான் கேட்டேன். நெஜமாப் போறப்ப உளறாம இருக்கணுமேன்னு. மூணு நாள்ல பன்னெண்டு பேரும் பேசி முடிச்சிட்டாங்க. அப்புறம் போகத் தோணல."

"ஏழாவது?"

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"ஏழாவது ஆள் இதே வீட்டுலதானே இருந்தா. அவளுக்குமா ஒத்திகை?"

"உன்கிட்டக் கேட்டா நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சிட்டுச் சொல்லியிருப்பேன்." சோற்றுச் சட்டியை மூடினாள். "அவ கடைசியா ஒண்ணு சொல்றாளே, அதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

வாத்தியார் பொய் சொல்லத் தெரியாதவர். பன்னிரண்டு பேரைப் பொய்யாகப் பேச வைத்தவருக்கு அந்த நேரத்தில் ஒரு சின்னப் பொய் கைகொடுக்கவில்லை.

"ஒரு கமா விட்டுப்போயிருந்தது. போட்டேன்," என்றார்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ரெண்டே தட்டு. வெகுநேரம் கழுவினாள். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார்.

"போன மாசம் ஒரு பொண்ணு பூட்டு வாங்க வந்தா," என்றாள். "உங்க மாணவி. பூட்டை வாங்கிட்டுப் போகாம நின்னு அழுதா. அவளும் இன்னொரு பையனும் இந்த மெஷினை விட்டு எழுதிட்டாங்கன்னு குழு வெச்சு முட்டை மார்க் போட்டீங்களாமே. நீங்கதானே அதுக்குத் தலைவர்."

"விதி அது."

"விதிதான். நான் தலையிடலன்னு சொல்லி அனுப்பிட்டேன். போறப்ப ஒண்ணு கேட்டா. சார் எப்படிக்கா கண்டுபிடிச்சாரு, ஒரு இடத்துலகூடத் தப்பில்லாம எழுதியிருந்தேனேன்னா. என்ன மூளை எங்க வீட்டுக்காரருக்குன்னு நானும் பெருமைப்பட்டுக்கிட்டேன். இப்பத்தானே தெரியுது, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு."

அடி சரியான இடத்தில் விழுந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்தார்.

"நாளைக்குக் கடைசி நாள்," என்றார். "குடுக்கலன்னா பதிவு ரத்து. பட்டம் இல்லாதவனுக்குத் துறைத்தலைவர் பதவி கிடையாதுன்னு சுற்றறிக்கை வந்தாச்சு. என்கிட்டப் படிச்ச பையன் அந்த நாற்காலியில உக்காருவான். பதினோரு வருஷம்மா."

"குடுக்கிறதும் குடுக்காததும் உங்க சரக்கு, உங்க இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாளைக்கு உங்ககூட வர்றேன். அதை ஒருத்தர் வாங்கி வெச்சுக்கிறதை நான் பாக்கணும்."

காலையில் கடை திறக்கவில்லை. பூட்டிய ஷட்டரைப் பார்த்துக் கயிற்றுக்காரர் துக்க முகத்தோடு விசாரித்தார். யாரும் சாகவில்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கைடு தன் அறையில் இருந்தார். நல்ல மனுஷர். களைத்தவர். மேஜையில் அவரைச் சுற்றி ஆய்வேடுகள் சுவர் மாதிரி எழும்பியிருந்தன. இடைவெளியில் முகம் தெரிந்தது. வாத்தியார் கட்டுகளை மடியிலிருந்து இறக்காமலே சொன்னார்: "சார், பேட்டியெல்லாம் நான் எடுக்கல. மெஷினை வெச்சு எழுதினது."

கைடு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார்.

"இதை நீங்க சொல்லல, நான் கேக்கல."

"இல்ல சார்..."

"பன்னெண்டும் வேணாம். நாலைந்தை எடுத்துடுங்க. மிச்சத்துக்கு மேல 'மாதிரி நேர்காணல்'னு ஒரு தலைப்பு. சின்ன எழுத்துல. இல்லையா, பின்னிணைப்பையே கழட்டிடுங்க. உள்ள மேற்கோள் மட்டும் இருக்கட்டும். மத்த ஆறு அத்தியாயமும் உங்க உழைப்புதானே? பதினோரு வருஷத்தை ஒரு பின்னிணைப்புக்காகக் குப்பையில போடுவீங்களா?"

ஆணிக்காரம்மா அவரை மரியாதையோடு பார்த்தாள். முதலில் பாதி, பிறகு கால், பிறகு சும்மாவே தருகிறேன் எடுத்துட்டுப் போ என்கிற முகம். கயிற்றுக்காரரை இவர் காலை டிபனுக்கே சாப்பிட்டுவிடுவார். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். வாங்கலாமா வேண்டாமா என்று கடைவாசலில் பெண்டாட்டியைப் பார்க்கிற புருஷனின் பார்வை. அவள் முகம் கொடுக்கவில்லை.

"ஏம்மா, நீங்களாவது சொல்லுங்க," என்றார் கைடு. "இதை யாரு படிக்கப் போறாங்க? வெளியூர்ல ரெண்டு பேருக்கு அனுப்புவோம். அவங்களே இப்பல்லாம் மெஷினை விட்டுத்தான் படிக்கச் சொல்லி அறிக்கை எழுதுறாங்க. அப்புறம் நூலகத்துல வெச்சுப் பூட்டிடுவாங்க."

"நீங்க படிச்சீங்களே சார்? சுத்தமா இருக்குன்னு சொன்னீங்களாமே."

கைடு கண்ணாடிப் பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். "எல்லாப் பக்கமும் எங்கம்மா படிக்க முடியுது. புரட்டிப் பாத்தேன்."

"அப்போ," என்றாள் அவள், "உலகத்துலயே இதைப் படிச்சது நான் ஒருத்திதானா?"

 வாத்தியார் மடியில் கட்டை வைத்துக்கொண்டு, அதன் ஓரங்களைத் தட்டித் தட்டிச் சமமாக்கினார். பிறகு எழுந்தார்.

"பதிவை வாபஸ் வாங்குறதுக்குப் படிவம் எங்க சார் கிடைக்கும்?"

அப்படி ஒரு படிவமே இல்லை. ஆபீஸ் குமாஸ்தா மூன்று அலமாரியைத் தேடிவிட்டு வந்து, கொடுக்கிறதுக்குத்தான் சார் படிவம் இருக்கு, திருப்பி எடுக்கிறதுக்கு ஒருத்தரும் வந்ததில்ல என்றான். வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னான். "காரணம் உடம்பு சரியில்லைன்னு போடுங்க சார். அதுக்குத்தான் என்கிட்ட ரப்பர் ஸ்டாம்ப் இருக்கு." வாத்தியார் நின்றபடியே எழுதினார். 'பின்னிணைப்பில் உள்ள நேர்காணல்கள் நான் எடுத்தவை அல்ல.' குமாஸ்தா ரெண்டுமுறை படித்துவிட்டு, ஸ்டாம்ப் டப்பாவை மூடிவைத்தான்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் எதிர்பார்த்ததுதான். குழுத்தலைவர் பதவியிலிருந்து அவரை எடுத்தார்கள். அடுத்த வாரம் அதே குழு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்து, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அவரிடம் படித்த பையன் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, சார் நீங்க உட்காருங்க சார் என்று எதிர் நாற்காலியைக் காட்டினான். வகுப்பில் அவரே நடந்ததைச் சொன்னார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு, பிறகு அதுவும் நின்றது. பூட்டு வாங்கிய பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அப்போ எங்க ரெண்டு பேருக்கும் திருப்பி எழுத ஒரு சான்ஸ் குடுங்க சார்."

"ஒரு வாரம்."

"ரெண்டு வாரம் சார்."

"பத்து நாள்."

கொடுத்தார். வாழ்க்கையில் அவர் முழுசாகப் பேசி முடித்த முதல் பேரம் அதுவாகத்தான் இருக்கும். வீட்டில் அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள். விட்டுவிட்டார்.

வீட்டில் பேச்சு குறைந்திருந்தது. சண்டை இல்லை. ரயிலுக்குக் காத்திருக்கிற ரெண்டு பேர் மாதிரி, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டு, அவரவர் தட்டை அவரவர் எடுத்துப் போனார்கள். அவர் புதிதாகப் பதிவு செய்துகொண்டார். ஐம்பது வயதில், முதல் வருட மாணவராக. அதை அவள் மேஜைமேல் கிடந்த ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மழை விட்டதும் அவர் தெருவுக்கு வர ஆரம்பித்தார். கல்லூரி முடிந்து நாலு மணிக்கு. போட்ட நாற்காலியில் உட்காராமல், சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில், கஸ்டமர் நிற்கிற இடத்தில் நின்றார். முதல் வாரம் தெரு அசையவில்லை. ரெண்டாவது வாரம், வாத்தியார் நிற்பதை மறந்து பாத்திரக்காரர் ஒரு கிழவியிடம் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினார்; வாத்தியார் எழுதிக்கொண்டிருந்தார். அதோடு மரியாதை உடைந்தது. கயிற்றுக்காரர் அவர் முகத்துக்கு நேராகவே அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆணிக்காரம்மா இதையெல்லாம் தன் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியை முடித்துவிட்டு இந்தச் சாரிக்கு வந்தார். பெயிண்டுக்கடை, கண்ணாடிக்கடை. அவள் கடையைத் தாண்டி, தாழ்ந்த தலையோடு, அடுத்த கடைக்குப் போனார். மறுநாளும் தாண்டிப் போனார்.

அவள் கடைப்பலகையில் ஒரு ஓரமாகத் திருகு டப்பாக்களை ஒதுக்கி, ஒரு நோட்டு வைக்கிற அளவுக்கு இடம் பண்ணினாள். யாராவது கேட்டிருந்தால் தூசி தட்டினேன் என்று சொல்லியிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த இடத்தில் தச்சர் ஒருவர் தன் சுத்தியலையும் பையையும் வைத்துவிட்டு வெற்றிலை போடப் பழகிக்கொண்டார்.

பதினோரு பேரும் முடிந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் சாய்கிற நேரத்தில் அவர் வந்து நின்றார். கஸ்டமர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இவரைப் பார்க்கவில்லை அவள். ஒருவனுக்குக் கீல், ஒருத்திக்கு பல்பு மாட்டுகிற கம்பி. பேசி, குறைத்து, கூட்டி, அனுப்பினாள். அப்புறம் திரும்பி, யாரிடமும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"பேட்டி."

"நிக்கிறீங்களே, கால் வலிக்காதா?"

"பரவாயில்ல."

நோட்டைத் திறந்தார்.  உதட்டை நனைத்துக்கொண்டார். மழை வருமா என்று கேட்டுவிடுவாரோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. கேட்கவில்லை. நோட்டில் எழுதிவைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்டார்.

"வயசு?"

அவள் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தாள். நிமிர்ந்தாள். அடக்க விலையைச் சொல்லும்போது வைத்துக்கொள்கிற அதே முகம்.

"நாப்பத்து நாலு."

பேனா நின்றது. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அவளுடைய விண்ணப்பங்களை எல்லாம் பத்தொன்பது வருடமாக நிரப்புகிறவர் அவர்தான். அவள் பிறந்த தேதி, மாதம், வருடம் அவருக்கு மனப்பாடம். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். குறைத்துச் சொன்ன ரெண்டு வருடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, விடுவதாக இல்லை.

அவர் குனிந்து, அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.